ராணியின் அழுகைக் காட்சி

ஞாயிற்றுக்கிழமை காலை நாடக நடிகை விகாத்தி சூப் கடைக்குள் நுழைந்ததும், கடைக்காரர் மேஜைமேல் விரித்துக் கிடந்த செய்தித்தாளை அவசரமாக மடித்து அண்டாவுக்குப் பின்னால் செருகினார். பிறகு கிண்ணத்தில் சோறு போட்டு, மஞ்சள் சூப்பை ஊற்றி, மேலே கோழித் துண்டுகளை அள்ளி வைத்தார். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கறி. ஜாவாவின் சோலோ நகரத்தில் யாரும் யாருக்கும் முகத்துக்கு நேரே கெட்டது சொல்வதில்லை. கறியை அதிகமாகப் போடுவார்கள், பலகாரம் கட்டிக் கொடுப்பார்கள், இன்றைக்கு மழை வரும்போல இருக்கிறது என்பார்கள். கிண்ணத்தைப் பார்த்ததுமே விஷயம் பெரிதென்று விகாத்திக்குப் புரிந்துவிட்டது.

“பேப்பரைக் குடுங்கண்ணே.”

“இன்னிக்குப் பேப்பர் வரலம்மா.”

“அண்டாவுக்குப் பின்னால ஆவி பட்டு நனையுது பாருங்க.”

கடைக்காரர் பேப்பரை எடுத்துக் கொடுத்துவிட்டு, இன்றைக்கு மழை வரும்போல இருக்கிறது என்றார்.

எழுதியிருந்தது லக்சோனோ. அந்தப் பத்திரிகையில் வாரம் முழுவதும் கல்யாண விளம்பரமும் மரண அறிவிப்பும் பார்த்துக்கொள்கிறவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாடக விமர்சனம் எழுதுவார். சனிக்கிழமைதோறும் பூங்காவை ஒட்டிய அரங்கில் விகாத்தியின் மெகார் வூலான் குழு போடும் கெத்தோப்ராக் என்ற ராஜா ராணி நாடகத்துக்குச் சொந்தக் காசில் டிக்கெட் வாங்கி, நான்காவது வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பார். இந்த வாரம் இப்படி எழுதியிருந்தார்:

“ராணி நேற்றும் அழுதார். விகாத்தி அம்மையாரின் அழுகை இந்த நகரத்தின் சொத்து என்று சொல்கிறார்கள். சொத்துதான், பூட்டி வைத்த சொத்து. அவர் அழும்போது மக்கள் சிகரெட் பெட்டி எறிவது அழுகைக்காக அல்ல. அந்த நேரத்தில்தான் கதை நிற்கிறது, பபூன் வந்து எறிந்தவர்களின் பெயரை வாசிக்கிறார், அதற்காக எறிகிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு பெட்டிகள் கூடக்கூட அழுகையும் நீண்டுகொண்டே போகிறது. நேற்று ராணியின் மகன் செத்த வேளையில் நானும் பக்கத்து நாற்காலிக்காரரும் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். கடலை நன்றாக இருந்தது.”

விகாத்தி இரண்டு முறை படித்தாள். சூப் ஆறிப்போய்க் கொழுப்பு மேலே படிந்தது. திட்டியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்தக் கடலைதான் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

பெட்டி எறிவது அந்த அரங்கில் பழைய வழக்கம். கிராம்பு சிகரெட் பெட்டிக்குள் சிலர் ரூபியா நோட்டையும் மடித்து வைப்பார்கள். மேலே ஒரு துண்டுக் காகிதத்தை ரப்பர் வளையத்தால் கட்டி, அதில் பெயர், தெரு, ஆறுதலாக ஒரு வரி எழுதி மேடைக்கு வீசுவார்கள். பபூன் காஸ்டி கூடையோடு ஓடிவந்து பொறுக்கி, ஒவ்வொன்றாக வாசிப்பார். சந்தை முட்டைக்கடை ஹாஜி ராணியம்மாவுக்குத் தன் அனுதாபத்தைத் தெரிவிக்கிறார், ஆற்றங்கரைத் தெரு தையல்காரர் குடும்பத்தோடு கண்ணீர் விடுகிறார், இப்படி. வாசித்து முடிக்கும்வரை காமெலான் வாத்தியக்காரர்கள் அழுகை மெட்டையே திருப்பித் திருப்பி வாசிப்பார்கள், விகாத்தியும் நிறுத்தாமல் அழுவாள். விழும் பெட்டிகளின் சத்தத்தை அவள் இத்தனை வருடமும் மக்களின் விம்மலாகத்தான் கேட்டு வந்தாள். ஒரு வாரம் குறைந்தால் தொண்டை சரியில்லையோ என்று இஞ்சித் தண்ணீர் குடிப்பாள்.

குழுவில் எல்லோரும் கொதித்தார்கள். காஸ்டிதான் அதிகம் கொதித்தார். லக்சோனோவை மேடையில் வைத்து வாங்குவது அவருக்குப் புதிதல்ல. மரண அறிவிப்பு எழுதுகிறவருக்கு உயிரோடு இருப்பவர்களைக் கண்டால் பிடிக்காது என்று வாராவாரம் அடிப்பார், அரங்கம் திரும்பி நான்காவது வரிசையைப் பார்த்துச் சிரிக்கும், லக்சோனோவும் எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் இந்த முறை சிரிப்போடு விடுவதாக இல்லை. பெட்டியில் கைவைத்தால் பதினெட்டுக் குடும்பத்தின் அடுப்பில் கைவைத்த மாதிரி என்றார் காஸ்டி. இனி அந்த ஆளுக்கு டிக்கெட் கிடையாது என்று முடிவாயிற்று. விகாத்தி வேண்டாமென்று சொல்லவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் இனித்தது என்பதுதான் உண்மை.

அடுத்த சனிக்கிழமை நான்காவது வரிசையின் ஓர நாற்காலி காலியாக இருந்தது. நாடகம் நன்றாகத்தான் போயிற்று. கலகம் செய்த இளவரசனுக்கு ராணியே மரண தண்டனை விதித்தாள், தூதன் வந்து தண்டனை நிறைவேறிவிட்டது என்றான், மெட்டு தொடங்கியது, விகாத்தி மண்டியிட்டு அழத் தொடங்கினாள். பெட்டிகள் விழுந்தன. அப்போது, எதற்கென்று தெரியாமல், அழுகைக்கு நடுவே அவள் கண்ணைத் திறந்து அரங்கத்தைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அந்தக் காட்சியில் அவள் ஒருநாளும் கண்ணைத் திறந்ததில்லை.

இரண்டாவது வரிசையில் முட்டைக்கடை ஹாஜி பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அவளைப் பார்க்கவில்லை. காஸ்டியின் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் எறியாத ஒரு நொடி வாய்த்ததும் குறிபார்த்து வீசினார். தன் பெயர் வாசிக்கப்பட்டதும் அக்கம்பக்கம் திரும்பி, பேரன் பிறந்த முகத்தோடு தலையசைத்தார். பின்னால் ஒரு பெண் பையைத் திறந்து குழந்தைக்கு வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். அவசரமில்லாமல், ராணி அழுது முடிக்க நேரமாகும் என்று தெரிந்தவர்களைப்போல. விகாத்தியின் தொண்டை தன் பாட்டுக்கு அழுதுகொண்டிருந்தது. அவள் கண் மட்டும் அந்தக் காலி நாற்காலியில் போய் நின்றது. இந்த அரங்கத்தில் தான் நிஜமாக அழுகிறாளா இல்லையா என்று கவனித்த ஒரே ஆளைத் துரத்திவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திரை விழுந்ததும் எல்லோரும் பிரமாதம், பிரமாதம் என்றார்கள். அந்தச் சொல்லை இதற்கு முன்னும் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். அன்றைக்கு அது காது வரைக்கும்கூட வரவில்லை.

மறுநாள் பகலில் ஒரு பெச்சா ரிக்‌ஷா பிடித்து லக்சோனோவின் வீட்டுக்குப் போனாள். லக்சோனோ வாசலில் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு துணி துவைத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து, நுரைக் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். அவர் மனைவி ருமினி உள்ளேயிருந்து ஓடிவந்து விகாத்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வாங்கக்கா. இந்த ஆளு எழுதின நாள்லேர்ந்து நான் பேசறதில்லை. துணிய அவரேதான் துவைச்சுக்கறாரு. நான் உங்களைப் பார்த்து அழாத சனிக்கிழமையே கிடையாது.”

“அவ டிவி விளம்பரத்தப் பாத்தாலும் அழுவா,” என்றார் லக்சோனோ.

ருமினி அவரைப் பார்க்காமலேயே, விகாத்தியிடம், தேநீர் வேண்டுமா என்று வெளியே நிற்கிற ஆளையும் கேட்டுச் சொல்லுங்கள் என்றுவிட்டு உள்ளே போனாள். விகாத்தி மூங்கில் பெஞ்சில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் தயார் செய்து வந்த கோபத்தில் பாதி அந்தச் சோப்பு நுரையைப் பார்த்ததும் போய்விட்டது. மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“சரி தம்பி. நான் அழறது பொய்யாவே இருக்கட்டும். அப்ப என்னதான் பண்ணணும், சொல்லுங்க.”

“அது எனக்குத் தெரியாதுக்கா.”

“குத்தம் சொல்லத் தெரியுது. வழி சொல்லத் தெரியாதா?”

“தெரிஞ்சா நான் மேடையில நிக்க மாட்டேனா? எனக்குப் பாக்க மட்டும்தான் தெரியும்.”

லக்சோனோ பிழிந்த சட்டையை மறுபடி வாளியில் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து, தான் பள்ளியில் படித்தபோது முதல்முதலாக அந்த அரங்குக்கு வந்ததைச் சொன்னார். அன்றைக்கு விகாத்தி ராணியல்ல, தாதி. வெற்றிலைப் பெட்டியைத் தட்டில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும்தான் வேடம். நடக்கும்போது கால் தடுக்கிப் பெட்டி கீழே விழுந்து திறந்துகொண்டது. உள்ளே ஒன்றுமில்லை, மேடைப் பெட்டிக்குள் யார் வெற்றிலை வைப்பார்கள்? அரங்கம் சிரிக்க வாயெடுத்தது.

“நீங்க உக்காந்து பொறுக்க ஆரம்பிச்சீங்க. இல்லாத வெத்திலைய. ஒவ்வொண்ணா எடுத்து, மண்ணைத் துடைச்சு, காம்பு ஒரே பக்கமா இருக்கற மாதிரி அடுக்கி வச்சீங்க. ஒருத்தரும் சிரிக்கல. எனக்கு மூச்சே நின்னுபோச்சு. நான் எழுத ஆரம்பிச்சதே அதனாலதான். அத இன்னொரு தடவை பாத்துரலாம்னுதான் டிக்கெட் வாங்கிட்டே இருக்கேன்.”

விகாத்திக்கு அப்படி ஒன்று நடந்ததே நினைவில்லை. தன் உடம்பு செய்த ஒன்றைத் தான் மறந்துவிட, இன்னொருவர் இருபது வருடத்துக்கு மேலாகப் பத்திரமாக வைத்திருக்கிறார் என்பது அவளுக்கு வினோதமாக இருந்தது. தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தாள். சனிக்கிழமை வாருங்கள் என்றாள். டிக்கெட் கொடுக்க மாட்டார்களே என்றார் அவர்.

“வரிசையில வந்து நில்லுங்க. குடுப்பாங்க. ஓசி கிடையாது.”

“ஓசின்னா வரவே மாட்டேன்,” என்றார் லக்சோனோ.

திரும்பும் வழியில், பெச்சாவின் தார்ப்பாய் மேல் மழை விழத் தொடங்கியபோது, அவள் பல வருடமாக நினைக்காமல் ஒதுக்கி வைத்திருந்த ஒரு காலை நினைவுக்கு வந்தது. அவள் புருஷன் பஸ் டிரைவர். மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து அவன் இறந்துபோன சேதியைச் சொல்ல அவனோடு வேலை பார்த்த ஓர் ஆள் வந்து வாசலில் நின்றான். அவள் அழவில்லை. அவனைப் பார்த்து, அவர் சாப்பிட்டாரா என்று கேட்டாள். முந்தின இரவு புருஷன் சண்டை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பியிருந்தான். அதுதான் அவள் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வந்தவன் பயந்துபோய், தெரியலீங்க என்றான். புத்தி பேதலித்துவிட்டது என்று பக்கத்து வீட்டார் அவளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அதன் பிறகு, அழ வேண்டிய நேரத்தில் சோற்றைப் பற்றிக் கேட்டவள் என்ற வெட்கத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. மேடையில் அவ்வளவு நீளமாக அழுததெல்லாம் ஒருவேளை அந்த வெட்கத்துக்கு மேல் போட்ட துணிதானோ என்று இப்போது தோன்றியது.

கெத்தோப்ராக்கில் வசனம் எழுதி வைப்பதில்லை. சனிக்கிழமை மாலை எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள், கதை இன்னது, நீ இந்த இடத்தில் வா, நீ இந்த இடத்தில் போ என்று சொல்லப்படும், மற்றதெல்லாம் அவரவர் வாய்ச் சாமர்த்தியம். அந்த வட்டத்தில் விகாத்தி இரண்டே விஷயம் சொன்னாள். லக்சோனோவுக்கு டிக்கெட் கொடுக்க வேண்டும். தூதன் வந்த பிறகு அழுகை மெட்டு வேண்டாம்.

“மெட்டு இல்லாம எப்படி அழுவ?” என்றார் காஸ்டி.

“அழப்போறதில்லண்ணே.”

தூதன் வேடம் போடும் யத்னோ, அப்போது நான் என்ன பேசுவது என்று கேட்டான். நான் கேட்பதற்குப் பதில் சொல் என்றாள் விகாத்தி. காஸ்டி எழுந்து நின்றுவிட்டார்.

“நீ அழலன்னா எவன் பெட்டி எறிவான்? நாளைக்கு என் வீட்ல அடுப்பு எரியலன்னா, அந்த மரண அறிவிப்பு வந்து ஊதி விடுவானா?”

“ஒரு வாரம் பாருங்க. சரிவரலன்னா அடுத்த வாரத்துலேர்ந்து நீங்க போதும்னு சொல்ற வரைக்கும் அழறேன். அதுக்கப்புறம் யாரு என்ன எழுதினாலும் நான் வாயத் திறக்க மாட்டேன்.”

அவள் இப்படிக் கெஞ்சி அவர் கேட்டதில்லை. கூடையை எடுத்துக்கொண்டு, எதற்கும் நான் ஓரத்தில் தயாராக நிற்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

அரங்கம் நிறைந்திருந்தது. டிக்கெட் விவகாரம் ஊருக்குள் பரவியிருந்ததால் வழக்கமாக வராதவர்களும் வந்திருந்தார்கள். நான்காவது வரிசையின் ஓரத்தில் லக்சோனோ உட்கார்ந்திருந்தார். அவரோடு பேசாத ருமினி பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்திருந்தாள். கலகம் நடந்தது, இளவரசன் பிடிபட்டான், ராணி தண்டனை ஓலையில் முத்திரை வைத்தாள். யத்னோ ஓடிவந்து மேடை நடுவில் விழுந்து வணங்கினான்.

“மகாராணி, விடியறப்ப முடிஞ்சிருச்சு. இளவரசர் இல்லை.”

நாற்காலிகளில் கைகள் அசைந்தன. சட்டைப் பைகளிலிருந்தும் முந்தானை முடிச்சுகளிலிருந்தும் பெட்டிகள் வெளியே வந்தன. மத்தளக்காரர், வருடக்கணக்கான பழக்கத்தில், சொன்னதை மறந்து அழுகை மெட்டின் முதல் அடியைத் தட்டிவிட்டார். மற்ற வாத்தியங்களும் அவர் பின்னால் கிளம்பின. ஒரு நொடி விகாத்தியின் முழங்கால் தானாகவே மடிந்தது. உடம்புக்கு அந்த மெட்டு அவ்வளவு பழக்கம். பாதி மடிந்த காலை அப்படியே நிறுத்தி, மெல்ல நிமிர்ந்து, வாத்தியக்காரர்கள் பக்கம் திரும்பினாள்.

“யாரது வாசல்ல? கொஞ்சம் சும்மா இருங்க. இவர் சொல்றது எனக்குக் கேக்கல.”

வாத்தியம் நின்றது. பிறகு அவள் தூதனைப் பார்த்தாள். ராணிகள் பார்க்கும் பார்வை அல்ல; வாசலில் வந்து நிற்கிற ஆளைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் பார்க்கும் பார்வை.

“அவன் சாப்பிட்டானா?”

யத்னோ நிமிர்ந்தான். இப்படி ஒரு கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. வியர்த்த முகத்தில் மை வழிந்தது.

“சாப்… சாப்பிட்டார், மகாராணி.”

“என்ன சாப்பிட்டான்?”

“சோறு. தெம்பே வறுவல்.”

“தெம்பேவ மொறுமொறுன்னு வறுத்தாதான் தொடுவான். சோறு சூடா இருந்துச்சா?”

யத்னோவுக்கு இரண்டு பிள்ளைகள். வேறு எதைக் கேட்டிருந்தாலும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பான். இதற்குப் பொய் சொல்ல அவன் நாக்கு எழவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். எறிவதற்காக உயர்ந்த கைகள் உயர்ந்தபடியே நின்றன. முட்டைக்கடை ஹாஜி பெட்டியைக் காதோரம் தூக்கிப் பிடித்திருந்தார். அதை வீசவும் இல்லை, கீழே இறக்கவும் இல்லை. திரையோரத்தில் காஸ்டி கூடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கால் மேடைமேலும் ஒரு கால் படியிலுமாக நின்றுவிட்டார். விகாத்தி காத்திருந்தாள். அவளுக்கும் அடுத்தது என்னவென்று தெரியாது. அந்தப் பழைய காலையில் வாசலில் நின்றவன் சொன்ன ‘தெரியலீங்க’ மறுபடியும் வந்துவிடுமோ என்று ராணிக்குள் இருந்த அவள் பயந்தாள். எத்தனை நேரம் அப்படிப் போயிற்று என்று பிறகு யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. வயதான குரலோ இளங்குரலோ, அழுகையில் கரகரத்துப் போயிருந்தது.

“சூடாத்தான் இருந்துச்சு தாயே. வயிறு நிறையச் சாப்பிட்டான்.”

விகாத்தி குரல் வந்த பக்கம் திரும்பினாள். இத்தனை வருடம் கழித்து அவள் கேள்விக்கு ஒருவர் பதில் சொல்லியிருந்தார். தலையை மெல்ல ஆட்டினாள்.

“அப்படின்னா சரி,” என்றாள். மேடைத் தரையில் உட்கார்ந்து, எதிரே இல்லாத ஒரு தட்டை எடுத்து, அதில் ஒட்டியிருந்த பருக்கைகளை விரலால் வழித்து ஒரு பக்கமாகச் சேர்த்தாள்.

முதலில் விசும்பியது யாரென்று தெரியவில்லை. பிறகு அது வரிசை வரிசையாகப் போயிற்று. ஆண்கள் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார்கள். அழ வேண்டிய இடத்தில் வழக்கமாக வெளியே போகும் இருவரும் கதவருகே நின்றுகொண்டு உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் தவித்தார்கள். மேடையில் விகாத்தி ஒருத்தி மட்டுமே அழவில்லை. உள்ளங்காலிலிருந்து ஏதோ ஒன்று ஏறி அவள் நெஞ்சை நிறைத்தது. துக்க வேடத்தில் இருக்கும்போது இவ்வளவு சந்தோஷம் வரலாமா என்று தெரியாமல், தட்டை நோக்கித் தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள்.

திரை விழுந்தபோது கைதட்டல் உடனே வரவில்லை. வந்தபோது, அரங்கத்தின் தகரக் கூரைமேல் மழை பெய்கிறது என்று வெளியே தேநீர்க் கடைக்காரர் குடையைத் தேடினாராம்.

கூட்டம் கலையும்போதுதான் காஸ்டி கூடையைப் பார்த்தார். ஒரு பெட்டிகூட இல்லை. விகாத்தியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தவர் அரங்கத்தைப் பார்த்து அப்படியே நின்றார். மக்கள் வாசல் பக்கம் போகாமல் மேடைப் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து, கையிலிருந்த பெட்டியை மேடை விளிம்பில் மெதுவாக வைத்துவிட்டுப் போனார்கள். ஹாஜி தன் பெட்டியிலிருந்த காகிதத்தை உருவிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பெட்டியை மட்டும் வைத்தார். அவரைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் காகிதத்தை உருவினார்கள்.

விகாத்தி ராணி வேடத்தோடே விளிம்புக்கு வந்து நின்றாள். வரிசையின் கடைசியில் லக்சோனோ. புகைபிடிக்காதவர், இதுவரை ஒரு பெட்டிகூட எறியாதவர். இப்போது வெளியே கடையில் வாங்கிய புதுப்பெட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறினார். பின்னாலிருந்து ருமினி, வீங்கிய கண்களோடு அவர் முதுகில் குத்தினாள்.

“வைங்களேன், அதுக்கும் கட்டுரை எழுதணுமா?”

அவள் தன்னிடம் பேசியதில் அவர் ஒரு கணம் திகைத்துப் போனார். பெட்டியை வைத்தார். கோணலாக இருந்ததைப் பார்த்து நேராக்கினார். பிறகு விகாத்தியை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண் சிவந்திருந்தது.

“மூணாவது காட்சி இழுக்குதுக்கா,” என்றார்.

“தெரியும்.”

“அடுத்த வாரம் ‘சாப்பிட்டானா’ன்னு கேக்காதீங்க.”

விகாத்தி சிரித்தாள். கிரீடம் சரிந்து காதில் மாட்டிக்கொண்டது. அதைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். அவள் பின்னால் காஸ்டி கூடையோடு வந்து, விளிம்பு நெடுகப் பெயரில்லாமல் வரிசையாக நின்ற பெட்டிகளைப் பார்த்தார். பழக்கத்தில் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வாசிக்க ஒன்றுமில்லாததால் எடுத்த இடத்திலேயே, பக்கத்துப் பெட்டியோடு ஒட்டினாற்போல, திரும்ப வைத்தார்.